லாடத்தில் குளிர், டெக்சாஸில் கூரை: இரண்டு பிளேஆஃப் ஆட்டங்களின் வரவு செலவு

அமெரிக்கக் கால்பந்தின் மேல் எனக்குப் பிறவி ஆசை எதுவும் கிடையாது. ஆனால் ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் 19 வருடம் குடியிருந்தால், இலையுதிர்காலச் சனிக்கிழமையில் கொத்துமல்லிக்கட்டு வாங்கக் கிளம்புவதற்குக்கூட ஆட்டம் எத்தனை மணிக்கு என்று பார்த்தாக வேண்டும். பார்த்துப் பார்த்து ஆட்டம் புரிந்தது. மகள் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பிறகு பைத்தியமும் பிடித்துவிட்டது. அந்தப் பைத்தியத்தில் 2024 டிசம்பரிலும் 2025 ஜனவரியிலும் கல்லூரி அணிகளின் சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃபில் இரண்டு ஆட்டங்களுக்குப் போய்வந்தேன். ஒன்று சொந்த ஊர் மைதானத்தில், மற்றொன்று டெக்சாஸின் ஆர்லிங்டனில். இரண்டிலும் எங்கள் அணிதான் ஜெயித்தது. அதனால் கீழே வரும் புலம்பல் தோற்றவளின் புலம்பல் இல்லை.

புதியவர்களுக்காக விதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2024 பருவத்திலிருந்து பிளேஆஃபில் 12 அணிகள். முதல் நான்கு இடத்து அணிகளுக்கு முதல் சுற்றில் ஓய்வு. 5 முதல் 8 வரை இடம் பிடித்தவர்கள் தங்கள் கல்லூரி மைதானத்திலேயே முதல் சுற்றை ஆடலாம். காலிறுதியும் அரையிறுதியும் குளிர்கால விழாவாக நடந்துவந்த ஆறு பழைய ‘பௌல்’ ஆட்டங்களுக்குப் பங்கு பிரிக்கப்பட்டிருக்கின்றன: கலிபோர்னியாவின் பாசடினாவில் ரோஸ், நியூ ஆர்லியன்ஸில் சுகர், மயாமி பக்கத்தில் ஆரஞ்சு, ஆர்லிங்டனில் காட்டன், அரிசோனாவின் கிளெண்டேலில் ஃபியஸ்டா, அட்லாண்டாவில் பீச். வரைபடத்தில் இந்த ஆறு ஊர்களிலும் புள்ளி வைத்துப் பாருங்கள். ஆறும் நாட்டின் அடிப்பாவாடையில் வரிசையாக நிற்கும். வடக்கே ஒன்றுகூட இல்லை. இறுதி ஆட்டத்துக்கு ஒவ்வொரு வருடமும் வேறு நகரம். அதை வருடங்களுக்கு முன்பே முடிவு செய்துவிடுகிறார்கள்.

முதலில் கொலம்பஸ்.

2024 டிசம்பர் 21, சனிக்கிழமை இரவு எட்டு மணி ஆட்டம். எதிரணி டென்னசி. ஒஹாயோ ஸ்டேடியம் 1922-இல் திறந்தது, லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம், குதிரை லாட வடிவம். ஊரில் யாரும் ஸ்டேடியம் என்று சொல்வதில்லை, லாடம்தான். கூரை கிடையாது. பெரும்பாலும் முதுகு சாயாத பெஞ்சுகள். அன்றைக்கு மைனஸ் 4 டிகிரி செல்சியஸ் வாக்கில் இருந்தது. ஒலன்டாஞ்சி ஆற்றிலிருந்து காற்று வேறு. குளிருக்கு உடம்பை மூடிக்கொள்ள வழி இருக்கிறது. காலுக்குத்தான் வழி இல்லை. கீழே இருப்பது கான்கிரீட். எத்தனை காலுறை போட்டாலும் அரை மணி நேரத்தில் குளிர் குதிகால் வழியாக முழங்காலுக்கு ஏறிவிடும். இதற்கு என் மருத்துவமனையில் கூட வேலை பார்க்கும் ஒரு பாட்டி ஒரு வைத்தியம் சொல்லிக்கொடுத்தார்: பெட்டி அட்டையை மடித்துக் கொண்டுபோய்க் காலுக்கு அடியில் போட்டுக்கொள். பொன்னி அரிசி வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து, கோட்டுக்குள் செருகிக்கொண்டு போனேன். வாசலில் சோதித்த பெண்மணி அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, தன் காலைத் தூக்கிக் காட்டினார். அவர் காலடியிலும் ஓர் அட்டை.

வெளிச் சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள். அதனால் வண்டி நிறுத்திய இடத்திலேயே டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் சாப்பிட்டோம். பக்கத்து வண்டி டென்னசிக்காரர்களுடையது. நாக்ஸ்வில்லிலிருந்து ஆறு மணி நேரம் ஓட்டி வந்திருந்தார்கள். தாத்தா, மகன், பேரன் என மூன்று தலைமுறையும் ஆரஞ்சு உடை. பேரன் புளியோதரையை வாங்கித் தின்று, நிலக்கடலையை மட்டும் பொறுக்கி மறுபடியும் கேட்டான். தாத்தா எங்களுக்கு ஒரு தட்டு இறைச்சி நீட்டினார். சைவம் என்றதும் ரொட்டியை மட்டும் பிரித்துக் கொடுத்தார். பேச்சுவாக்கில் ஒன்று சொன்னார்: “குளிர்தான், ஆனால் குறை சொல்லமாட்டேன். நீங்கள் எங்களைவிட மேலே இருக்கிறீர்கள். உங்கள் வீட்டுக்கு நாங்கள் வருவதுதான் முறை.”

நியாயம் பற்றி இந்த இரண்டு மாதத்தில் நான் கேட்ட நூறு பேச்சில் இதுதான் நேரானது. எட்டாம் இடத்து அணி ஒன்பதாம் இடத்து அணியை வீட்டுக்கு வரவழைக்கிறது. பன்னிரண்டு வாரம் ஆடிச் சம்பாதித்த உரிமை அது.

உள்ளே போனால் இன்னொரு வேடிக்கை. பருவத் தேர்வுகள் முடிந்து மாணவர்கள் ஊருக்குப் போய்விட்டார்கள். என் மகளின் அறைத் தோழிகள் இருவர் தங்கள் டிக்கெட்டை விற்றுவிட்டுத்தான் விமானம் ஏறினார்கள். அந்த டிக்கெட்டுகள் எங்கே போயின என்பது தெரிந்ததுதான். எங்கள் பகுதியில் மூன்றில் ஒருவர் ஆரஞ்சு. சொந்த மைதானம் என்பது சொத்துப் பத்திரம் இல்லை, ஆள் வந்து உட்கார்ந்தால்தான் உண்டு என்று அன்று புரிந்தது. ஆட்டம் என்னவோ முதல் கால் பகுதி முடிவதற்குள் 21-0 ஆகிவிட்டது. கடைசியில் 42-17.

மறுவிற்பனை இணையதளம் ஒன்றில் கணவருக்கும் எனக்கும் டிக்கெட் எடுத்தேன். பெயர் வேண்டாம். பக்கத்தில் காட்டிய விலை ஒன்று, பணம் கட்டும்போது வந்த விலை ஒன்று; இடையில் ‘சேவைக் கட்டணம்’ என்று ஒரு பூதம். வண்டி நிறுத்த ஆற்றுக்கு அந்தப்பக்கம் ஒரு தனியார் புல்வெளியில் 80 டாலர் வாங்கினார்கள், திரும்பும்போது சேற்றில் சக்கரம் சுற்றியது. அத்தனையும் சேர்த்தும் வீட்டிலிருந்து கிளம்பி வீட்டுக்கே வந்து ரசம் சாதம் சாப்பிட்டுப் படுத்தேன். மைதானத்துக்கு ஐந்துக்கு மூன்றரை, ஏனென்றால் என் முதுகுக்கு வயது 48. நியாயத்துக்கு ஐந்துக்கு ஐந்து.

அடுத்தது புத்தாண்டு தினத்தில் பாசடினாவில் காலிறுதி, ஓரிகான் அணியோடு. அதற்குப் போகவில்லை. கலிபோர்னியாவுக்குப் புத்தாண்டு வாரத்தில் விமானம் ஏற எங்கள் வீட்டில் யாருக்கும் துணிச்சல் வரவில்லை. தொலைக்காட்சியில்தான் பார்த்தேன். இரண்டாம் பகுதியிலேயே 34-0; முடிவில் 41-21. வீட்டில் எல்லோரும் குதித்தார்கள். நானும் குதித்தேன். அப்புறம் பாத்திரம் தேய்க்கும்போது மனது ஒரு கணக்குப் போட்டது.

ஓரிகான் அந்த வருடம் முதல் இடம். 13 ஆட்டம், 13 வெற்றி. அக்டோபர் 12 அன்று யூஜீன் நகரில், அவர்கள் சொந்த ஆட்சன் மைதானத்தில் எங்களை 32-31 என்று ஒரே புள்ளியில் சாய்த்தவர்கள். எட்டாம் இடத்தில் இருந்த எங்களுக்கு வீட்டில் ஒரு ஆட்டம் கிடைத்தது. முதல் இடத்தில் இருந்தவர்களுக்கு வீட்டில் ஆட்டமே இல்லை. முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளைக்குப் பரிசாக மூன்று வாரம் சும்மா உட்காரும் உரிமையும், பிறகு வேறு மாநிலத்துக்கு டிக்கெட் எடுக்கும் செலவும். யூஜீனில் அந்தக் காலிறுதி நடந்திருந்தால் 34-0 வந்திருக்குமா? வந்திருக்கலாம், நாங்கள் அன்று அப்படி ஆடினோம். ஆனால் எங்கள் கோப்பையில் கொஞ்சம் ஓரிகான்காரர்களின் வயிற்றெரிச்சலும் கலந்திருக்கிறது என்பதை மறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை. அந்த வருடம் முதல் சுற்றில் சொந்த மைதானத்தில் ஆடிய நான்கு அணிகளும் ஜெயித்தன. ஓய்வில் இருந்த நான்கு அணிகளும் காலிறுதியில் தோற்றன.

இனி ஆர்லிங்டன். இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். பணம் போனதும் இங்கேதான்.

ஜனவரி 10, வெள்ளிக்கிழமை இரவு. அரையிறுதி, காட்டன் பௌல். எதிரணி டெக்சாஸ். மறுபடி வாசியுங்கள்: ஆட்டம் டெக்சாஸ் மாநிலத்தில், எதிரணி டெக்சாஸ் பல்கலைக்கழகம். அவர்களின் ஆஸ்டின் வளாகத்திலிருந்து ஏறக்குறைய 200 மைல், நெடுஞ்சாலையில் மூன்று மணி நேரம். எங்கள் வீட்டிலிருந்து ஆயிரம் மைலுக்கு மேல். ஆனால் டிக்கெட்டிலும் விளம்பரத்திலும் இதற்குப் பெயர் ‘பொது மைதானம்’.

என் நாத்தனார் குடும்பம் டல்லாஸ் பக்கத்துப் பிளேனோவில் இருக்கிறது. தங்கும் செலவு மிச்சம் என்ற ஒரே தைரியத்தில்தான் கணவரும் நானும் கிளம்பினோம். தெற்கே போனால் வெயில் என்று நம்பிக் கனமான கோட்டை வீட்டில் வைத்துவிட்டேன். அந்த வியாழன், வெள்ளி இரண்டு நாளும் டல்லாஸில் பனி கொட்டியது! விமானம் தாமதம், பள்ளிகள் விடுமுறை. பௌல் ஆட்டங்களைத் தெற்கே வைப்பதற்கு நூறு வருடமாகச் சொல்லப்படும் காரணம் ஜனவரி வெயில். அந்தக் காரணம் அன்று என் செருப்பில் ஈரமாக ஒட்டிக்கொண்டு வந்தது. விமான நிறுவனம் நான்கு மணி நேரத் தாமதத்துக்கு ஒரு பொட்டலம் பிஸ்கட் கொடுத்தது. அதன் பெயரையும் விட்டுவிடுகிறேன்.

நாத்தனாரின் கணவர் ஆஸ்டினில் படித்தவர். கருகிய ஆரஞ்சு நிறச் சட்டையில்தான் கதவைத் திறந்தார்.

“வாங்க தங்கச்சி. எங்கள் மைதானத்துக்கு நல்வரவு.”

“அண்ணா, பொது மைதானம் என்று டிக்கெட்டில் போட்டிருக்கிறதே?”

“ஆமாம், பொதுதான். நானும் வரலாம், நீங்களும் வரலாம். நான் காரில் முக்கால் மணி நேரத்தில் வருவேன், நீங்கள் விமானத்தில் வரவேண்டும். வேறு வித்தியாசமே இல்லை.”

நாத்தனார் உள்ளேயிருந்து, “அண்ணி, அவர் வாயைக் கிளறாதீர்கள், ராத்திரி தோற்றால் நான்தான் சமாளிக்க வேண்டும்” என்றாள். கடைசியில் அவள் பயந்தபடியே ஆயிற்று.

மைதானத்தைப் பற்றி நேர்மையாகச் சொன்னால், சுகம். 2009-இல் திறந்தது, டல்லாஸ் கௌபாய்ஸ் அணியின் வீடு. கூரை மூடியிருந்தது. வெளியே பனி, உள்ளே கல்யாண மண்டபம் மாதிரி வெதுவெதுப்பு. முதுகு சாய்த்து உட்கார நாற்காலி. மைதானத்தின் தலைக்கு மேலே ஏறக்குறைய 160 அடி அகலத்துக்கு ஒரு திரை தொங்குகிறது. ஆட்டக்காரர் நெற்றி வியர்வை அதில் தாம்பாளம் அளவுக்குத் தெரியும். கழிப்பறையில் வெந்நீர் வந்தது. கொலம்பஸில் அட்டை மேல் நின்றவளுக்கு இது இந்திரலோகம். என் முழங்கால் அன்று டெக்சாஸுக்குத்தான் ஓட்டுப் போட்டது.

ஆனால் அந்த மைதானத்துக்குப் போய்ச் சேருவது தனி வித்தை. வழித்தடத்தில் ஓடும் பஸ், ரயில் இல்லாத அமெரிக்க நகரங்களில் ஆர்லிங்டன்தான் பெரியது என்று பெயர் வாங்கியது. கார் இருந்தால் உண்டு. சொந்தக்காரர் கார் இருந்ததால் தப்பித்தோம். எங்கள் வரிசையில் ஒஹாயோவின் டேட்டனிலிருந்து வந்திருந்த தம்பதி, ஆட்டம் முடிந்து வாடகைக் காருக்குக் காத்திருக்கப் போவதை நினைத்தே மூன்றாம் பகுதியில் கைப்பேசியை முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

கூட்டம் எப்படி இருந்தது? என் கண்ணுக்கு ஆரஞ்சு அதிகம், எங்கள் சிவப்பு பின்னால் வெகு தூரம் இல்லை. வடக்கத்தியர் பணத்தைக் கொட்டியாவது வருவார்கள். சத்தத்தில்தான் வித்தியாசம் தெரிந்தது. நாங்கள் பந்தை வைத்திருக்கும்போது கூரையில் பட்டு எதிரொலித்த இரைச்சலில் பக்கத்தில் இருக்கும் கணவர் பேசுவது கேட்கவில்லை. அதில் ஒரு நிம்மதியும் இருந்தது, அது வேறு விஷயம்.

ஆட்டத்தின் அந்த ஒரு கணத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். 21-14 என்று நாங்கள் முன்னிலை. சில நிமிடங்களே பாக்கி. டெக்சாஸ் எங்கள் கோல் கோட்டுக்கு ஒரு கெஜத்தில் நிற்கிறது. பக்கவாட்டில் பந்தை வீசி ஓடப் பார்த்து ஏழெட்டுக் கெஜம் பின்னால் போனார்கள். நான்காவது, அதாவது கடைசி முயற்சி. எங்கள் ஜாக் சாயர் பாய்ந்து டெக்சாஸின் குவின் யூவர்ஸ் கையிலிருந்து பந்தைத் தட்டினார், தானே எடுத்தார், 83 கெஜம் ஓடினார். யூவர்ஸ் 2021-இல் ஒஹாயோ ஸ்டேட்டில் இருந்தபோது இருவரும் ஒரே அறையில் தங்கியவர்கள். அந்த 83 கெஜத்தில் என்ன நடந்ததென்று என் கண் பார்த்ததாக நினைவில்லை, திரையைத்தான் பார்த்திருக்கிறேன். இரைச்சல் மட்டும் பாதியில் யாரோ பிளக்கைப் பிடுங்கியது மாதிரி நின்றது. மூன்று இருக்கை தள்ளி நாத்தனார் கணவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். 28-14.

எதிரியின் வாசலில் ஜெயித்த ருசி தனிதான். அந்த ருசிக்காக விதி நியாயமாகிவிடாது. பிளேஆஃப் வரிசையில் டெக்சாஸ் 5, நாங்கள் 8. அந்த அரையிறுதியை ஆஸ்டினில், அவர்களின் சொந்த வளாகத்தில் வைத்திருந்தால் நான் வாய் திறந்திருக்கமாட்டேன். நாக்ஸ்வில் தாத்தா சொன்ன மாதிரி, மேலே இருப்பவன் வீட்டுக்குப் போவதுதான் முறை. என் கோபம் பொய்ப் பெயரின் மேல். பொது என்று எழுதிவிட்டு ஒருவனுக்கு மூன்று மணி நேரக் கார்ப் பயணமும் மற்றவனுக்கு விமானமும் கொடுப்பதில் என்ன பொது இருக்கிறது? கணவருக்கும் எனக்கும் விமானம், டிக்கெட், அந்தப் பூதக் கட்டணம் எல்லாம் சேர்த்து 1,900 டாலர். தங்குமிடம் இலவசம் என்பதை மறந்துவிடாதீர்கள். ஆஸ்டினிலிருந்து வந்த நாத்தனார் கணவரின் நண்பருக்கு ஆட்ட டிக்கெட் நீங்கலாக ஒரு டாங்க் பெட்ரோலும் இரண்டு சாண்ட்விச்சும்தான். மைதானத்துக்கு ஐந்துக்கு நாலரை, நியாயத்துக்கு இரண்டு.

பத்து நாள் கழித்து நடந்த இறுதி ஆட்டம் இன்னொரு கூத்து. நாங்களும் நோத்ர டேமும். அவர்களின் சவுத் பெண்ட் ஊர் கொலம்பஸிலிருந்து நாலரை மணி நேரக் கார்ப் பயணம். நடுவில் இண்டியானாபொலிஸ் வழியாகக்கூடப் போகலாம். அங்கே கூரை போட்ட நல்ல மைதானம் இருக்கிறது, 2022 ஜனவரியில் இறுதி ஆட்டத்தை நடத்திய அனுபவமும் இருக்கிறது. ஆனால் இரண்டு ஊர்க்காரர்களும் அட்லாண்டாவுக்குப் பறந்தார்கள். நாங்கள் 34-23 என்று ஜெயித்தோம். எனக்குச் சேப்பாக்கம் ஞாபகம் வந்தது. 2024 ஐபிஎல் இறுதி ஆட்டம் அங்கேதான். சென்னை அணி லீக்கோடு வெளியேறிவிட்டது. கொல்கத்தாவும் ஹைதராபாதும் ஆடியதை, முன்கூட்டியே டிக்கெட் எடுக்கத் துடித்த என் தம்பி மஞ்சள் சட்டையோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தான். முன்னாலேயே ஊரைத் தீர்மானித்தால் இப்படித்தான். யாருக்கோ வீடாகும், யாருக்குமே இல்லாமலும் போகும். 2026 ஜனவரியில் அது முழு வட்டம் அடித்தது. இறுதி ஆட்டம் மயாமி கார்டன்ஸில். வந்து நின்ற அணிகளில் ஒன்று, வருடம் முழுவதும் அதே மைதானத்தில் ஆடும் மயாமி பல்கலைக்கழகம்! முதலிடத்து இண்டியானா அங்கே போய் 27-21 என்று ஜெயித்தது. இண்டியானா ஜெயித்துவிட்டதால் யாரும் பெரிதாகப் பேசவில்லை. தோற்றிருந்தால் மூன்று மாதம் பேசியிருப்பார்கள்.

எதிர்த்தரப்பு வாதமும் எனக்குத் தெரியும். மகளே சொன்னாள்: “அம்மா, ரோஸ் பௌல் 1902-இல் ஆரம்பித்தது. அதைப் போய்க் கொலம்பஸில் பனியில் வைக்கச் சொல்கிறாயா?” பழம்பெருமையை நான் மறுக்கவில்லை. பென்சில்வேனியாவின் ஸ்டேட் காலேஜ் மாதிரிச் சிறிய ஊரில் லட்சம் பேருக்கு மைதானம் இருந்தாலும் வெளியூர்க்காரர்கள் தங்க அறை கிடைக்காது என்பதும் உண்மை. ஆனால் பௌல் ஆட்டங்கள் பிறந்தது குளிர்காலத்தில் சுற்றுலாக்காரர்களை வரவழைக்க. ஓட்டல்காரர்களுக்காகப் போட்ட பந்தலில் உட்கார்ந்துகொண்டு பந்தயத்தின் நியாயத்தைத் தீர்மானிக்கிறார்கள். ஒரு படி கீழே இருக்கும் எஃப்.சி.எஸ். பிரிவில் அரையிறுதி வரை கல்லூரி மைதானங்களில்தான் ஆடுகிறார்கள், தரவரிசை பெற்றவர்களுக்கு வீட்டுச் சலுகை உண்டு. வடக்கு டகோட்டாவின் ஃபார்கோ போன்ற ஊர்கள் டிசம்பர் முழுக்க விருந்தாளிகளைப் பார்த்திருக்கின்றன. சின்னப் பிள்ளைகளுக்குச் சாத்தியமானது பெரியவர்களுக்கு ஏன் முடியாது? காலிறுதியையாவது வளாகத்துக்குக் கொடுங்கள். அரையிறுதியும் இறுதியும் பௌல்களிடம் இருக்கட்டும், போய்த் தொலைகிறது.

இந்த டிசம்பரில் டிக்கெட் எடுக்க நினைப்பவர்களுக்கு: பௌல் ஆட்டத்துக்கு முன்கூட்டியே விமானம் பதிவு செய்யாதீர்கள், ரத்து செய்ய முடிந்த டிக்கெட்டாக மட்டும் எடுங்கள். மைதானங்களில் ஒளிபுகும் பைதான் அனுமதி. கைப்பையோடு போய் வாசலில் நிற்காதீர்கள். ஆர்லிங்டன் என்றால் கார் வைத்திருக்கும் சொந்தக்காரரைப் பிடியுங்கள், எந்த அணியின் ஆளாக இருந்தாலும் பரவாயில்லை. வளாக ஆட்டம் என்றால் பெட்டி அட்டை.

என்னுடைய அட்டை இன்னமும் காரேஜில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் சாத்தி வைத்திருக்கிறேன். 2025 டிசம்பரில் அதைத் தூசு தட்டி எடுத்தேன். பிறகு பட்டியல் வந்தது. நாங்கள் இரண்டாம் இடம், அதாவது ஓய்வு, அதாவது வீட்டில் ஆட்டம் கிடையாது. டிசம்பர் 6-க்குப் பிறகு 25 நாள் சும்மா இருந்துவிட்டு, 31-ஆம் தேதி மறுபடி அதே ஆர்லிங்டன். பத்தாம் இடத்து மயாமி 24-14 என்று எங்களை அனுப்பி வைத்தது. நான் போகவில்லை, வீட்டுச் சோபாவில் இருந்தேன். அன்றிரவு கொலம்பஸில் நல்ல குளிர். அட்டையை மறுபடி அதே இடத்தில் சாத்தினேன்.